விற்பது மௌனம், வாங்க வேண்டியது தூரம்
வேட்டைக்காட்டுக்குப் போகும் பேட்டரி பக்கிகள்: ஒரு வாங்குபவரின் கணக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15-ஆம் தேதிக்குத் தனி மரியாதை உண்டு. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் அன்றைக்குத்தான் தொடங்கும். எந்தக் கிழமை வந்தாலும் தேதி மாறாது. கிராமப்புறப் பள்ளிகள் பல அன்று விடுமுறையே விட்டுவிடும். பக்கத்து விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். தெற்கே டெக்சாஸில் நவம்பர் பிறந்ததுமே களைகட்டிவிடும். விடிவதற்கு முன்பே பரணில் ஏறி அமர்ந்துவிட வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுப் பழக்கம். அந்தப் பரண் வரைக்கும் எப்படிப் போவது, சுட்ட மானை எப்படிக் கொண்டுவருவது என்பதை நம்பி ஒரு பெரிய வாகன வியாபாரமே நடக்கிறது.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கை, ஸ்டியரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சாமான் தொட்டி. இதுதான் வண்டி. கடைக்காரர்கள் ‘சைடு-பை-சைடு’ என்பார்கள், ‘யுடிவி’ என்பார்கள். காட்டுக்குள் அது வெறும் பக்கி. அதில் பேட்டரியில் ஓடும் ரகத்தை விற்பவர்கள் முதலில் எடுத்துவிடும் வசனம் ஒன்றுதான்: “சத்தமே இருக்காது, மானுக்குத் தெரியவே தெரியாது.”

பேட்டரி பக்கி நல்ல வண்டிதான். சிலருக்கு பெட்ரோல் வண்டியைவிடப் பல மடங்கு பொருத்தமான வண்டி. ஆனால் சத்தத்துக்காக அதை வாங்குகிறவர் முக்கியமான கேள்வியைக் கேட்காமலே பணத்தைக் கட்டிவிடுகிறார்.

கோல்ஃப் மைதானத்திலிருந்து காட்டுக்கு

நம்மூர் ரயில் நிலையங்களில் முதியவர்களை ஏற்றிக்கொண்டு ஓசைப்படாமல் போகும் பேட்டரி காரைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூதாதை கோல்ஃப் மைதானத்து வண்டி. வேட்டைப் பக்கியும் அதே வம்சம்தான். மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் நேட்செஸ் என்ற சிறிய ஊர். ‘பேட் பாய் பக்கீஸ்’ என்ற நிறுவனம் அங்கேதான் வேட்டைக்காரர்களை மனதில் வைத்து பேட்டரியில் ஓடும் நாலு சக்கர இழுவை வண்டிகளைத் தயாரித்து விற்றது. முரட்டு டயர், உயரமான சஸ்பென்ஷன், இருக்கைக்கு அடியில் வரிசையாக ஈய-அமில பேட்டரிகள். தென் மாநிலங்களில் அந்தப் பெயரே இந்த ரகத்துக்குப் பொதுப்பெயர் போல ஆனது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஓட்டுபவர் நினைக்காமலே வண்டி திடீரென்று வேகமெடுக்கிறது என்ற புகாரின்பேரில் 2009-இல் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. குறையை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2011-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு 7,15,000 டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. இடையில் 2010-இல் டெக்ஸ்ட்ரான் குழுமத்தைச் சேர்ந்த ‘ஈ-இஸட்-கோ’ இந்த வியாபாரத்தை வாங்கியது. பிறகு பெயர் ‘பேட் பாய் ஆஃப் ரோடு’ ஆனது. அதற்குப் பிறகு ‘டெக்ஸ்ட்ரான் ஆஃப் ரோடு’. அதே டெக்ஸ்ட்ரான் 2017-இல் ஆர்க்டிக் கேட் நிறுவனத்தை வாங்கி, 2025-இல் அதைக் கைமாற்றியும் விட்டது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய வண்டிக்கு இன்று கன்ட்ரோலர் தேடும் ஒருவர் எத்தனை பெயர்ப்பலகைகளைக் கடந்து போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களில் மினசோட்டாவைச் சேர்ந்த போலாரிஸ், 48 வோல்ட் ஈய-அமில பேட்டரியும் 30 குதிரைத்திறன் மோட்டாரும் கொண்ட ‘ரேஞ்சர் ஈவி’யைப் பல ஆண்டுகள் விற்றது. பிறகு மின் மோட்டார்சைக்கிள் தயாரிக்கும் ஜீரோ நிறுவனத்துடன் 2020-இல் கைகோத்து, 2021 டிசம்பரில் ‘ரேஞ்சர் எக்ஸ்பி கைனெடிக்’ வண்டியை அறிவித்தது. லித்தியம் பேட்டரி, 110 குதிரைத்திறன், 2,500 பவுண்டு இழுவை. அதாவது 1,100 கிலோவுக்கும் மேல். கோல்ஃப் வண்டி வம்சம் என்ற கேலி அத்தோடு முடிந்தது. அறிமுக விலை 14.9 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 24,999 டாலர், அதைப் போல இரு மடங்கு பேட்டரிக்கு 29,999 டாலர். நிறுவனம் சொன்ன தூரம் முறையே 45 மைல், 80 மைல்.

மானின் காது

முதலில் அந்த மௌனத்தைப் பார்த்துவிடுவோம்.

ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளைவால் மான்களின் கேட்கும் திறனை அளந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 250 ஹெர்ட்ஸ் முதல் 30,000 ஹெர்ட்ஸ் வரை மானுக்குக் கேட்கிறது. மிகக் கூர்மையாகக் கேட்பது 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இதை வண்டியோடு பொருத்திப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினின் அந்தக் கனத்த உறுமலில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண். மின் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதிலிருந்து வரும் மெல்லிய ‘ங்ஙீ’ என்ற கீச்சொலி, நமக்குக் கேட்டும் கேட்காததுமாக இருப்பது, மானின் காது நன்றாக விழித்திருக்கும் பகுதியில் போய் விழக்கூடும். பெட்ரோல் வண்டி மானுக்குக் கேட்காது என்று இதற்குப் பொருளில்லை. சைலன்சரிலிருந்து வெடித்து வருவதில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது, தொலைவிலேயே கேட்கும். ஆனால் நமக்குக் கேட்கவில்லை என்பதால் மானுக்கும் கேட்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை.

மோட்டார் சத்தமே இல்லாமல் இருந்தாலும் டயர் சரளையில் அரைபடும். சருகு நொறுங்கும். தொட்டியில் கிடக்கும் சங்கிலி ஒரு குழியில் குதித்து டமார் என்று விழும். பழைய வேட்டைக்காரர்கள் இன்னொன்று சொல்வார்கள்: தினமும் டிராக்டரும் தீவன வண்டியும் ஓடுகிற பண்ணையில் மான் வண்டிச் சத்தத்துக்குத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும், வண்டி நின்று, ஆள் இறங்கும்போதுதான் ஓடும். அதனால்தான் பலர் பரணருகே ஒருவரை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த உத்திக்கு பெட்ரோல் வண்டியும் போதும்.

வாசனை விஷயத்தில் பேட்டரி வண்டிக்கு உண்மையான ஆதாயம் இருக்கிறது. மானின் மூக்குக்கு முன் நம் தந்திரம் எதுவும் செல்லாது. பெட்ரோல் ஊற்றிய கையுறை, கேனைத் தூக்கியபோது சிந்திய காலணி, சூடான புகைக்குழாயின் வாடை இவையெல்லாம் பரண் வரைக்கும் கூடவே வரும். பேட்டரி வண்டியில் அது கிடையாது. என் கணக்கில் சத்தத்தைவிட இதுதான் பெரிய லாபம். விளம்பரத்தில் இதைச் சொல்வதற்கு ஏனோ யாரும் மெனக்கெடுவதில்லை.

மௌனத்தின் இன்னொரு முகம் ஆபத்தானது. நிறுத்திய வண்டி ‘ஆன்’ ஆகி இருக்கிறதா இல்லையா என்று காது சொல்லாது. குழந்தையோ நாயோ மிதியில் கால் வைத்தால் முழு இழுவிசையும் அந்தக் கணமே கிடைத்துவிடும். இறங்கும்போது சாவியை எடுப்பது, கைபிரேக் போடுவது என்ற பழக்கம் பெட்ரோல் வண்டியைவிட இங்கே கூடுதலாக வேண்டும். 2009 சம்பவத்தைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

இனி நிஜமான கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. 10 காலன், அதாவது 38 லிட்டர் டாங்க் என்றால் கிட்டத்தட்ட 340 கிலோவாட்-மணி. இன்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகப் பறக்கவிட்டாலும் சக்கரத்துக்கு 70, 80 வந்து சேரும். சந்தைக்கு வந்த பெரிய பேட்டரிகளில் ஒன்றான கைனெடிக்கின் உயர்ரகத்தில் இருப்பது 29.8. தீர்ந்துபோனால் பெட்ரோல் கேனோடு ஒரு நண்பர் வந்து காப்பாற்ற முடியாது. டிரெய்லரோடு வர வேண்டும்.

ஈய-அமில பேட்டரிக் கணக்கு இன்னும் இறுக்கமானது. வழக்கமான 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு சேர்ந்தால் 48 வோல்ட், காகிதத்தில் 10.8 கிலோவாட்-மணி. ஆயுள் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். எடையோ எட்டும் சேர்ந்து 220 கிலோவுக்கு மேல். மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். மாதாமாதம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். வேட்டைப் பருவம் முடிந்து கொட்டகையில் தள்ளிவிட்டு அடுத்த இலையுதிர் காலம் வரை மறந்துவிட்டால், உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி செத்துக் கிடக்கும். பக்கி வைத்திருப்பவர்களில் பலர் பேட்டரியைக் கொல்வது ஓட்டியதால் அல்ல, ஓட்டாமல் விட்டதால். லித்தியத்துக்கு அந்தச் சனியன் இல்லை. பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் நிறுத்திவிட்டுப் போகலாம்.

நிறுவனம் சொல்லும் மைல் சமதளத்தில், இதமான வெயிலில், குறைந்த சுமையில் ஓட்டிப் பெற்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேறு, மேடு, நாலு சக்கர இழுப்பு, பின்னால் தீவன மூட்டைகள் எல்லாம் சேர்ந்தால் அந்த எண் கரையும். தென் மாநிலங்களில் மானுக்குத் தீவனம் போடும் தானியங்கிகளுக்கு மக்காச்சோளம் 50 பவுண்டு மூட்டைகளாகப் போகும். பத்து மூட்டை ஏற்றினாலே 225 கிலோ.

பேட்டரி வண்டியின் மேன்மை தெரிவதும் இந்தச் சுமையில்தான். பெட்ரோல் பக்கிகளில் கியருக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. கனத்த டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஊர்ந்தால் அந்த பெல்ட் சூடேறி, நாறி, ஒரு நாள் அறுந்துபோகும். காட்டுக்குள் பெல்ட் மாற்றியவர்கள் அந்த நாளைச் சுலபத்தில் மறப்பதில்லை. மின் மோட்டாருக்கு பெல்ட் வேண்டாம். நின்ற நிலையிலேயே முழு இழுவிசை உண்டு. ஆமை வேகத்தில் பாறை மேல் ஏற்றி இறக்கலாம். டிரெய்லர் கொக்கியை விரற்கடை நகர்த்தி மாட்டலாம். இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டாம், கார்புரேட்டர் அடைப்பு இல்லை.

குளிர் என்ற மூன்றாவது பயணி

டெக்சாஸ்காரர் இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டலாம். மினசோட்டாக்காரர் இதை மட்டும் படித்தாலே போதும்.

உறைநிலைக்குக் கீழே எந்த பேட்டரியும் சோம்பேறியாகிவிடும். கடுங்குளிரில் ஈய-அமில பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியை மறைத்துக்கொள்ளும். காலியான நிலையில் விட்டுவிட்டால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். அது உறைந்து பெட்டியையே பிளக்கும். லித்தியம் குளிரில் ஓடுவதில் பரவாயில்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல வண்டியில் பேட்டரி மேலாண்மை அமைப்பே சார்ஜைத் தடுத்துவிடும், அல்லது ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய பிறகே அனுமதிக்கும். அதற்கும் மின்சாரம் செலவு. எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “பேட்டரிக்கு ஹீட்டர் இருக்கிறதா, பிளக்கில் மாட்டிவிட்டால் தானாக வேலை செய்யுமா?” என்பது. இருக்கை எந்த நிறம் என்பதெல்லாம் பிறகு.

பெட்ரோல் இன்ஜின் வீணாக்கும் வெப்பம் குளிர்காலத்தில் ஓட்டுநரின் கேபினைச் சும்மா சூடாக்குகிறது. மின்வண்டியில் அந்தச் சூட்டையும் பேட்டரிதான் தர வேண்டும். ஒரு கிலோவாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் 14.9 கிலோவாட்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கண்ணாடிக் கதவெல்லாம் மாட்டிக்கொண்டு சொகுசாகப் போக நினைப்பவர்கள் பெரிய பேட்டரிக்கே பணம் ஒதுக்க வேண்டும்.

சார்ஜ் விஷயத்தில் அமெரிக்க வீட்டுச் சாதாரண 120 வோல்ட் பிளக் ஏறக்குறைய 1.4 கிலோவாட்தான் கொடுக்கும். சின்ன பேட்டரிக்கே பத்து மணி நேரம் தாண்டும். 240 வோல்ட் இணைப்பில் 3 கிலோவாட் என்றால் ஐந்து மணி நேரம். பண்ணை வீட்டில் இது பிரச்சினையே இல்லை, இரவு மாட்டினால் காலையில் தயார். ஆனால் குத்தகைக்கு எடுத்த வேட்டை நிலத்தில் கரண்ட் கம்பமே இருக்காது. அங்கே ஜெனரேட்டரை இரவு முழுக்க ஓடவிட்டு ‘ஓசையில்லா’ வண்டிக்கு சார்ஜ் ஏற்றுகிற வேடிக்கையும் நடக்கிறது.

வண்டி போகும், சட்டம் விடாது

அமெரிக்காவில் பலர் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் சங்கதி: புகை வராவிட்டாலும் பேட்டரி பக்கி மோட்டார் வாகனம்தான். 1972-இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று பிரிக்கச் சொன்னது. தேசியக் காடுகளில் 2005 விதிப்படி ஒவ்வொரு காட்டுக்கும் மோட்டார் வாகன வரைபடம் உண்டு. அதில் குறிக்காத பாதையில் இறங்கினால் அபராதம். 1964 வனாந்தரச் சட்டத்தின்கீழ் வரும் சுமார் 11 கோடி ஏக்கரில் மோட்டாருக்கே இடமில்லை. கொலராடோ மலைகளில் முந்நூறு கிலோ எல்க் மானைச் சுட்டவர், அதைக் கூறுபோட்டு முதுகிலோ குதிரையிலோ சுமந்துதான் பாதைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அவருக்கு 30,000 டாலர் பக்கியைவிட ஒரு நல்ல முதுகுச்சுமைச் சட்டகம் அதிகம் உதவும்.

வண்டியில் உட்கார்ந்தபடி சுடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடுக்கின்றன. நடக்க இயலாதவர்களுக்குத் தனி அனுமதி உண்டு. பேட்டரி பக்கியை மனமார வாழ்த்தத் தோன்றுவது இவர்களுக்காகத்தான். முழங்கால் தேய்ந்த ஒரு முதியவர், கியர் போராட்டமில்லாமல், அதிர்வில்லாமல், பேச்சுக் குரல் கேட்கும் அமைதியில் பேரனோடு பரண் வரை போய்வர முடிகிறது. டெக்சாஸ் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. அங்கே தனியார் எல்லைக்குள் விதிகள் தளர்ந்தவை. பக்கியின் கூரைமேல் நாற்காலி வைத்த உயரமான அடுக்குகள் அங்கே சகஜமாக இருப்பதன் காரணம் அதுதான். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கமோ, வண்டியால் துரத்தி வேட்டையாடிய விலங்கைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இந்தியாவில் வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. நிக்சன் ஆணை வந்த அதே 1972-இல் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எஸ்டேட்டுக்கோ தோட்டத்துக்கோ பேட்டரி வண்டி பார்க்கிறவர்களுக்கு மேலே சொன்ன சுமை, சார்ஜ் கணக்குகள் அப்படியே பொருந்தும். மற்றவை அமெரிக்கச் சமாச்சாரம்.

யாரிடம் வாங்குவது?

அழகான படங்களோடு வரும் புதிய நிறுவனங்களிடம் எச்சரிக்கை தேவை. நிகோலா என்ற நிறுவனம் ‘என்.இஸட்.டி.’ என்ற மின் பக்கியை மேடையேற்றிக் கைதட்டல் வாங்கியது. வண்டி சந்தைக்கு வரவே இல்லை, நிறுவனம் 2025-இல் திவால் மனு கொடுத்தது. டெக்சாஸின் வோல்கான் 2022-இல் ‘ஸ்டாக்’ வண்டியை அறிவித்தது. 2025-இல் அந்த நிறுவனம் பெயரையே எம்பரி டிஜிட்டல் என்று மாற்றிக்கொண்டு பிட்காயின் சேர்க்கும் தொழிலில் இறங்கிவிட்டது. பேட்டரியும் கன்ட்ரோலரும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும் வண்டியை, அந்த நிறுவனம் கைவிட்டால் உள்ளூர் மெக்கானிக் தொட முடியாது. ஐம்பது மைலுக்குள் சர்வீஸ் செய்யும் டீலர் இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

பழைய ஈய-அமில வண்டி வாங்குவதானால் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் நிற்கும்போது வோல்ட் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டில் சுமையோடு ஏற்றச் சொல்லி, ஒவ்வொரு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்று சரிந்தால் எட்டும் மாற்றும் செலவு உங்கள் தலையில். பேட்டரியில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி, சார்ஜர் வேலை செய்கிறதா, திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த மாடலா, அதற்கான பழுது பார்த்தார்களா என்பதையும் விசாரியுங்கள்.

என் தீர்ப்பு இது. சொந்த நிலம், கொட்டகையில் 240 வோல்ட், மிதமான குளிர், ஒரு நாளில் இருபது மைலுக்குள் வேலை: இப்படிப்பட்டவருக்கு லித்தியம் பக்கியை மிஞ்ச பெட்ரோல் வண்டியால் ஆகாது. பொது நிலத்தில், மின்சாரமில்லாத முகாமில், பனியில் நாட்கணக்கில் தங்கி வேட்டையாடுபவர் இப்போதைக்கு பெட்ரோலோடு இருப்பதே நல்லது. நடுவில் இருப்பவர்கள் இந்தப் பருவம் முழுக்கத் தங்கள் பழைய வண்டியின் மைல் கணக்கை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மிக அதிகமாக ஓடிய, மிகக் குளிரான நாளின் மைலை இரண்டால் பெருக்குங்கள். அந்த எண் நிறுவனம் சொல்லும் தூரத்துக்குள் அடங்கினால் மட்டும் டீலர் கடைக்குப் போங்கள்.